குருந்தங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் செத்த நேரம்

வெள்ளைச்சாமி செத்து ஒரு வருஷம் திரும்புவதற்குள் குருந்தங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் எழுந்து நடந்தான். அன்றைக்குச் சந்தை நாள், வாழைத்தார் லாரி ஒன்று வாசலை மறித்துக்கொண்டு நிற்க, நாலா பக்கமும் ஹாரன் அலற, கட்டணக் கழிப்பறைச் சுவரோரம் எந்த இடத்தில் மண்டை பிளந்து விழுந்தானோ அதே இடத்தில் கையை ஊன்றி எழுந்து, காக்கிச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, இடுப்பிலிருந்த அரிவாளை உருவிக்கொண்டு இரண்டாம் பிளாட்பாரத்தைப் பார்த்து நடந்தவனை டைம் கீப்பர் குழந்தைவேலு மட்டும்தான் கவனித்தார். அவரும் கன்னத்தில் கைவைத்து நின்றுவிடவில்லை. "ஏப்பா வெள்ளைச்சாமி, ஓரமா போப்பா, வண்டி எடுக்குதுல்ல" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினார். மகிழம்பூ பஸ் புறப்பட்டது, வெள்ளைச்சாமி இல்லை. சிமெண்ட் தரையில் ரத்தம் மட்டும் சொட்டுச் சொட்டாகக் கிடந்தது, அதைத் துப்புரவு பார்க்கிற காமாட்சி முனகிக்கொண்டே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள்.

தனியார் பஸ் ஓடுகிற ஊர்க்காரர்களுக்கு டைமிங் சண்டையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். முன்னால் போகிற வண்டி ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றால் பின்னால் வருகிறவனின் சனத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும், அந்த ஒரு நிமிஷத்துக்காகக் கண்ணாடியை உடைப்பார்கள், காதைக் கடிப்பார்கள், நேற்றுவரை ஒரே தட்டில் பரோட்டா பிய்த்துத் தின்றவனின் வயிற்றில் சோடா பாட்டிலைச் சொருகுவார்கள். வெள்ளைச்சாமி வெண்புரவி பஸ்ஸின் டிரைவர், அடைக்கலம் மகிழம்பூ பஸ்ஸின் டிரைவர். பஸ் ஸ்டாண்டில் தொங்கும் நேரப் பலகை ஒருநாள் திக்கித் திணறி, போக வேண்டிய மகிழம்பூவுக்கு இன்னும் ஒரு நிமிஷம் பாக்கி என்று காட்டியபடி உறைந்து நின்றுவிட்டது. வெள்ளைச்சாமி இறங்கி வந்து அடைக்கலத்தின் அம்மாவை இழுத்துப் பேசினான், இவன் அவன் பெண்டாட்டியை இழுத்துப் பேசினான், வெள்ளைச்சாமி இடுப்பு அரிவாளுக்குக் கையைக் கொண்டுபோனான், அடைக்கலம் ஜாக்கி லீவரைத் தூக்கி ஒரே போடு போட்டான். தேங்காய் உடைகிற சத்தம்தான் கேட்டது என்று பக்கத்தில் நின்ற பூக்காரி கோர்ட்டில் சொன்னாள். அடைக்கலம் ஜாமீனில் வந்து, காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதே பஸ்ஸில் அதே சீட்டில் உட்கார்ந்தான்.

அந்தப் பலகைக்கு உயிர் கொடுத்தவள் அடைக்கலத்தின் அக்கா பிரகதா. பஸ் ஸ்டாண்டு மாடியில் சூசைராஜ் நடத்திய சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் அவள்தான் எல்லாம். கொலை விழுந்தபிறகு, பலகை இனி ஒரு நொடிகூடத் திணறக் கூடாது என்று போலீசிலும் பஸ் முதலாளிகள் சங்கத்திலும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பிரகதா உட்கார்ந்து துருவிப் பார்த்ததில் மெஷினின் மூச்சைப் பிடித்தது புரோகிராமில் இருந்த ஒரே ஒரு ஃபங்ஷன் என்று தெரிந்தது. இத்தனை நொடி இருக்கிறது என்று ஒரு எண்ணைக் கொடுத்தால், அதை மணியாகவும் நிமிஷமாகவும் நொடியாகவும் வகுத்து, வார்த்தையாகக் கோத்து, பலகைக்கு அனுப்ப வேண்டிய ஃபங்ஷன் அது. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒவ்வொரு நொடியும் வகுத்து வகுத்து அந்தக் கைப்பிடி அளவு மெஷினுக்கு நாக்குத் தள்ளிப்போயிருந்தது. சரி, ஒரு நிமிஷத்துக்குக் குறைவாக இருந்தால் கணக்கே வேண்டாம், தயாராக வைத்திருக்கும் ஒரு வார்த்தையைப் போட்டுவிடுவோம், நொடி தெரிந்தால்தானே அடித்துக்கொள்கிறார்கள் என்று முடிவு பண்ணி, "சற்று நேரம்" என்று எழுதினாள்.

சூசைராஜ் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இந்த ஊர்ல எவன் சற்று நேரம்ங்கிறான்? நியூஸ் வாசிக்கிறவன்தான் சொல்வான். நம்ம சனத்துக்குப் புரியிற மாதிரி போடும்மா."

"அப்ப எப்படி சார் போடுறது?"

"செத்த நேரம்னு போடு. செத்த இருங்க, செத்த பொறுங்கன்னுதானே நாம பேசுறோம்?"

போட்டாள். செத்த நேரம் என்றால் கொஞ்ச நேரம் என்று அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும், ஊரின் நாக்கைப் பழகாத அந்த மெஷினுக்குத்தான் தெரியவில்லை, அது எழுத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. அடுத்த பஸ் புறப்பட ஒரு நிமிஷத்துக்குக் கீழே இறங்கி, பலகையில் "செத்த நேரம்" என்று சிவப்பில் எரிந்த கணமே, அந்த பஸ் ஸ்டாண்டில் எப்போதோ செத்தவர்கள் எல்லாரும் செத்த இடத்தில் எழுந்தார்கள், பஸ் கிளம்பியதும் பலகை அடுத்த வண்டிக்கு மாற, இல்லாமல் போனார்கள்.

எழுந்தவர்கள் ஒழுங்காக இருந்தார்களா என்றால், அதுதான் இல்லை. பின்சக்கரத்தில் தள்ளிவிடப்பட்ட கண்டக்டர் நசுங்கிய இடுப்போடு எழுந்து தள்ளியவனைத் தேடினான். சோடா பாட்டில் குத்து வாங்கிய கிளீனர் அதே பாட்டிலை வயிற்றிலிருந்து பிடுங்கி, குத்தியவனின் அண்ணன் கழுத்தில் இறக்கினான், அந்த அண்ணன் அங்கேயே செத்ததால் அடுத்த செத்த நேரத்தில் அவனும் எழுந்து கிளீனரை உதைத்தான். செத்தவர்களை வெட்டினால் ரத்தம் வந்தது, ஆனால் விழவில்லை. உயிரோடு இருப்பவர்களை அவர்கள் வெட்டினால் விழுந்தார்கள். ஊர் இதற்கு ஒரு வாரம் முகம் சுளித்தது, பிறகு பழகிவிட்டது, எதற்குத்தான் இந்த ஊர் பழகவில்லை! பலகையில் சிவப்பு எரிந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கின, டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளர்களை உள்ளே எடுத்துவைத்தார், குழந்தைவேலு "செத்தவங்க வர்றாங்க, வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்திவிட்டு அடுத்த ரூட்டைப் படித்தார். இன்ஸ்பெக்டர் ஒருநாள் ஏட்டையாவைக் கூட்டிக்கொண்டு வந்து வெள்ளைச்சாமியின் கூடவே நடந்தபடி, "உன்னை அடிச்சுக் கொன்னது யாருய்யா, நீயே சொல்லிடு, கேஸ் முடிஞ்சிரும்" என்று கெஞ்சிப் பார்த்தார். அவன் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுப் போனான். செத்தவன் மேல் கேஸ் போட சட்டத்தில் இடமில்லை என்று ஏட்டையா தொப்பியைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

சண்டை போடாத சாவும் அங்கே இருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்த வாத்தியார், ரிவர்ஸில் வந்த வண்டி ஏறிச் செத்த கர்ப்பிணிப் பெண் என்று இரண்டு மூன்று பேர் சாதுவாக எழுந்து, வந்து நிற்கிற சொந்தக்காரர்களிடம் வீட்டு நிலவரம் விசாரித்துவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ஆசை வந்துவிட்டது. இழுத்துக்கொண்டிருக்கிற கிழங்களைக் கட்டிலோடு மினி வேனில் ஏற்றிக்கொண்டு வந்து பிளாட்பாரத்தில் கிடத்தினார்கள், எங்கள் ஆத்தா சீட்டு, உங்கள் அப்பன் சீட்டு என்று அதற்கும் அடிதடி, அதில் ஒரு ஆள் செத்து அவனும் கணக்கில் சேர்ந்தான். ஃபங்ஷன் என்றால் காதுகுத்து, வளைகாப்பு என்று மட்டுமே நினைத்திருந்த சனம் டீக்கடையில் உட்கார்ந்து, "அந்தப் பொண்ணு ஃபங்ஷன்ல அறுபதுன்னு வச்சிருக்காளாம்ல, அதைக் கூட்டினா நம்ம ஆளுங்க இன்னும் நிப்பாங்களாம்ல" என்று பேச ஆரம்பித்தது.

பிரகதாவுக்கு அந்த அறுபதுதான் உயிர். ஏனென்றால் வெள்ளைச்சாமி ஒவ்வொரு முறையும் கழிப்பறைச் சுவரிலிருந்து கிளம்பி, கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு, மகிழம்பூ பஸ்ஸைச் சுற்றி வந்து, டிரைவர் பக்கத்துக் கதவின் பிடியைத் தொடவும் குழந்தைவேலு விசில் ஊதவும் சரியாக இருந்தது. அறுபது நொடிக்கு மேல் ஒரு மூச்சு கூடியிருந்தாலும் அவள் தம்பி இருக்க மாட்டான்.

"டேய் அடைக்கலம், அந்த ரூட்டை விட்டுத் தொலைடா" என்று அவள் சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே கத்தினாள். "மெட்ராஸ் போ, லாரி ஓட்டு, எங்கயாச்சும் போ."

"உசுரோட இருந்தப்பவே அவனுக்கு நான் ஒதுங்கலக்கா. செத்தவனுக்கா ஒதுங்குவேன்?" அவன் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு சிரித்தான். "கதவு வரைக்கும் வருவான், முழிப்பான், போயிருவான். நான் ஹாரனை அடிச்சு வழியனுப்பி வைக்கிறேன்ல? நீ அந்த நம்பரை மட்டும் பாத்துக்க."

"செருப்பால அடிப்பேன், சிரிப்பு என்னடா சிரிப்பு!" என்றாள். அவனோ இஸ்திரிச் சூடு ஆறாத சட்டையை மாட்டிக்கொண்டு, காலரைக்கூட இழுத்துவிடாமல் போய்விட்டான். தாயில்லாமல் வளர்த்த பிள்ளை, அவன் திமிர் அவளுக்குப் பிடிக்காமலும் இல்லை.

வெள்ளைச்சாமியின் பெண்டாட்டி பூச்செண்டு தினமும் தூக்குச் சட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து கழிப்பறைச் சுவரோரம் நிற்பாள். புருஷன் எழுவான், "என்னங்க, என்னங்க" என்று இவள் பின்னாலேயே ஓடுவாள், அவன் அரிவாளும் கையுமாக அடைக்கலத்தைப் பார்த்தே போவான். அடைக்கலம் இல்லாத வேளைகளில் அவன் வருகிற வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பான். ஒருநாள் அவள் மாடியேறி வந்து பிரகதாவின் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"தாயி, அறுபதை எழுபதாக்கு."

"முடியாதுக்கா."

"அந்த மனுசன் என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்குறாரு. ஆத்திரம் தீராம எப்படிப் பாப்பாரு? தீந்துட்டா பாப்பாரு. ஒரு தடவை பாத்தாப் போதும்."

"ஆத்திரம் தீரணும்னா என் தம்பி சாகணும். அதைத்தானே கேக்குறீங்க?"

"ஆமா" என்றாள் பூச்செண்டு. "நான் ஒண்ணும் மறைச்சுப் பேசல. அவன் என் புருசனைக் கொன்னவன்தானே?"

பிரகதாவுக்குக் கோபம் வந்தது. அவள் கேட்டதில் பொய் ஒன்றும் இல்லாததால் வந்த கோபம் அது, "கீழ போங்க, இனிமே மேல வராதீங்க" என்று விரட்டிவிட்டாள். மறுநாள் அறுபதைக் கூட்டச் சொல்லி வெண்புரவி ஆட்கள் சைக்கிள் செயினோடு வந்தார்கள். கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிச் சன்னல் வழியாக வீசினார்கள், சூசைராஜின் மூக்கை உடைத்தார்கள், பிரகதாவின் வலது கை விரல்களைக் கதவிடுக்கில் வைத்து மூடினார்கள். அவள் அறுபதை விடவில்லை. இரண்டு விரல் கட்டோடு இடது கையால் தட்டி வேலை பார்த்தாள்.

ஆனால் சூசைராஜ் பயந்தாங்கொள்ளி. கெட்டவர் இல்லை, பயந்தாங்கொள்ளி, அது அதைவிடக் கேடு. கூட்டம் கூடக் கூட நகராட்சி இன்னும் பல பலகைகளை மாட்டச் சொல்லியிருந்தது, மெஷின் மறுபடியும் இரைக்க ஆரம்பித்திருந்தது. பிரகதா விரல் கட்டைப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த காலை நேரத்தில் அவர் அந்த ஃபங்ஷனைத் திறந்தார். மனுஷனுக்குப் பத்தால் வகுப்பது எப்படிச் சுலபமோ, புள்ளியை ஒரு இடம் தள்ளினால் தீர்ந்ததோ, அப்படி மெஷினுக்கு அறுபத்துநாலால் வகுப்பது சுலபம், தள்ளினால் தீர்ந்தது. அறுபது என்றால் மூச்சைப் பிடித்து வகுக்க வேண்டும். அவர் அறுபதை எடுத்துவிட்டு அறுபத்துநாலுக்குத் தள்ளிவிட்டார். வேகம் கூடியது, கீழே நிற்கிறவர்களிடமும் நேரத்தைக் கூட்டிவிட்டேன் என்று சொல்லித் தலையைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

பிரகதா வந்ததும் பலகைகள் வழுக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து, "என்ன சார் பண்ணீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா, லேசா தள்ளிவிட்டேன். நாலு செகண்டுதான். நாலு செகண்டுல என்ன குடியா முழுகிரப் போகுது?"

அவள் சன்னலுக்குப் பாய்ந்தாள். கீழே சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. மகிழம்பூ இரண்டாம் பிளாட்பாரத்தில் நின்றது, அடைக்கலம் சீட்டில் உட்கார்ந்து ஹாரனை அடித்துக்கொண்டிருந்தான், வெள்ளைச்சாமி பஸ்ஸின் மூக்கைச் சுற்றி வந்துகொண்டிருந்தான். "டேய் இறங்குடா! அந்தப் பக்கமா இறங்கி ஓடுடா!" என்று அவள் அடித்தொண்டையில் கத்தியது ஹாரனில் மூழ்கிப்போனது, படிகளில் உருண்டு புரண்டு இறங்கினாள், கூட்டத்தைக் கையால் கிழித்துக்கொண்டு ஓடினாள். வெள்ளைச்சாமியின் கை கதவுப் பிடியைத் தொட்டது. பழக்கத்தில் குழந்தைவேலு விசிலை வாய்க்குக் கொண்டுபோனவர் பலகையைப் பார்த்தார், அது மாறவில்லை, பலகை மாறாமல் ஊதினால் மண்டை உடையும் என்பதால் ஊதாமல் நின்றார். கதவு திறந்தது. அடைக்கலத்தின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, அது போவதற்குள் அரிவாள் இறங்கிவிட்டது, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஒன்று, தடுத்த கையில் ஒன்று, மறுபடி கழுத்தில் ஒன்று. முன்கண்ணாடி முழுக்க உள்பக்கமாகச் சிவந்தது. தலை ஸ்டியரிங்கில் சாய்ந்து ஹாரனை அழுத்திக்கொண்டு கிடந்ததால் அது நிற்காமல் அலறிக்கொண்டே இருந்தது. பலகை மாறியது, வெள்ளைச்சாமி இல்லை, வெட்டு மட்டும் இருந்தது.

பிரகதா பஸ்ஸில் ஏறினாள். தம்பியின் தலையைத் தூக்கி ஹாரனிலிருந்து விலக்கி, சீட்டில் சாய்த்து வைத்தாள், பலகையைப் பார்த்தாள், அடுத்த வண்டி இருபது நிமிஷம் என்றிருந்தது. இருபது நிமிஷம் கழித்து அவன் எழுவான் என்பது அவளுக்கும் தெரியும், சுற்றி நின்றவர்களுக்கும் தெரியும். பிறகு ஒரு நிமிஷம்தான் இருப்பான், பிறகு இருக்க மாட்டான், பிறகு ஒரு நிமிஷம் இருப்பான். அப்படி விட்டு விட்டு ஒரு தம்பி அவளுக்கு வேண்டாம். நேற்றுவரை அந்த அறுபதைக் கையில் பிடித்துக்கொண்டு, விரல் நசுங்கியும் விடாமல், மற்றவர்களின் புருஷன்மாரையும் பிள்ளைகளையும் விரட்டியவள் அவள்தான், அவளுக்கு அது இப்போது உறைத்தது, உறைத்தும் நிற்கவில்லை. ரத்தக் கையோடு மாடிக்கு ஏறினாள்.

சூசைராஜ் பீரோவுக்குப் பின்னால் ஒடுங்கி நின்றார். "நாலு செகண்டுதாம்மா, நாலே நாலு…" என்று உளறினார். "வாயை மூடுங்க சார்" என்றாள். உட்கார்ந்து ஃபங்ஷனைத் திறந்தாள். மணிக்காக வகுக்கிற வரியை அழித்தாள். நிமிஷத்துக்காக வகுக்கிற வரியை அழித்தாள். அறுபத்துநாலை அழித்தாள், குறைவா கூடுதலா என்று கேட்கிற வரியையும் அழித்தாள். எத்தனை நொடி கொடுத்தாலும், ஒரு நொடியோ ஒரு நாளோ ஒரு யுகமோ, எதையும் பாராமல் ஒரே பதிலைத் திருப்பித் தருகிற ஒற்றை வரி மட்டும் மிச்சம் இருந்தது. சூசைராஜ் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, பயத்தையும் மீறி, தொழில் புத்தியில், "இதைவிட வேகமா ஒண்ணு எழுதவே முடியாதும்மா" என்றார்.

எல்லாப் பலகையிலும் எல்லா வரியிலும், தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் அறந்தாங்கிக்கும், செத்த நேரம் செத்த நேரம் செத்த நேரம் என்று எரிந்தது. செத்தவர்கள் எழுந்தார்கள், எழுந்தவர்கள் போகவில்லை. குழந்தைவேலு விசிலைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வண்டியை எப்போது எடுப்பது என்று தெரியாமல் நிற்க, பஸ்கள் இன்ஜின் உறும நின்ற இடத்திலேயே நின்றன. வாத்தியாரின் மகள்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசத் தொடங்கினார்கள், கர்ப்பிணிப் பெண்ணின் அம்மா அவளுக்குத் தலை பின்னிவிட்டாள். அவர்களைச் சுற்றி கண்டக்டரும் கிளீனரும் அண்ணனும் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டிருந்தார்கள், காமாட்சி வாளியைக் கீழே போட்டுவிட்டு, "இதைக் கழுவ என்னால ஆகாது" என்று வீட்டுக்குப் போனாள்.

அடைக்கலம் சீட்டிலிருந்து இறங்கினான். பிரகதா கீழே வந்து பஸ்ஸின் படிக்கட்டு அடியில் நின்று, "தம்பி" என்றாள். அவன் சீட்டுக்குக் கீழே கையை விட்டு ஜாக்கி லீவரை எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனான், அவன் தோள் அவள் தோளில் பட்டது, வெதுவெதுப்பாக இருந்தது. வெள்ளைச்சாமி எதிரே வந்தான். லீவர் தாடையில் இறங்கியது, அரிவாள் விலாவில் இறங்கியது, விழ முடியாததால் இருவரும் விழவில்லை, ஓய முடியாததால் ஓயவில்லை, மத்தியானம் தாண்டியும், வெயில் கழிப்பறைச் சுவரிலிருந்து இறங்கிப் போனபிறகும், அடித்துக்கொண்டே இருந்தார்கள். எலும்பில் இரும்பு படுகிற சத்தத்துக்குச் சனம் பழகி டீ குடிக்கப் போய்விட்டது.

பூச்செண்டு மட்டும் தூக்குச் சட்டியோடு நின்றாள். "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போயிருந்தது. ஆத்திரம் தீர்ந்தால் பார்ப்பான் என்று நம்பியிருந்தாள், கையில் கிடைத்தவனை அவன் நாள் முழுக்க வெட்டியும் அது தீரவில்லை. கடைசியில் சட்டியை மூடிக்கொண்டு, ரத்தத்தில் வழுக்காமல் சேலையைத் தூக்கிப் பிடித்து நடந்து, பிரகதாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"போதும் தாயி" என்றாள். "நிறுத்திடு. எனக்கு வேணாம். ரெண்டு பேரும் நம்மளைப் பாக்கப் போறதில்ல. பழையபடி அடங்கிப் போகட்டும், வா, நான் கூட மாடிக்கு வர்றேன்."

பிரகதாவின் கண் தம்பியை விட்டு நகரவில்லை. அவள் காலையில் இஸ்திரி போட்டுக்கொடுத்த சட்டை நாராகத் தொங்கியது, ஒரு காது இல்லை, லீவரை ஓங்கும்போது முகம் அரைவட்டமாக இவள் பக்கம் வந்து, வந்த வேகத்தில் திரும்பிப் போனது. மறுபடி ஓங்கினான், மறுபடி வந்தது, மறுபடி போனது.

"செத்த இருங்கக்கா" என்றாள் பிரகதா. "இந்தா, இப்பப் பாத்துருவான்."